சங்கத்துத் தண்ணீர்

7

நுழைவாயிலில் ஒரு பலகை. வெளியார் வண்டிகள் உள்ளே வரக்கூடாது. அதன் கீழே இன்னொன்று. சுவரில் சாய்ந்து நிற்கக்கூடாது. மூன்றாவதைப் படிக்க நான் குனிந்தபோது முசே என் காலரைப் பிடித்து இழுத்தார்.

"படிச்சுட்டு வரேன் முசே. உள்ள மூச்சு விடலாமான்னு எங்கயாவது எழுதியிருப்பாங்க."

"மூச்ச அப்புறம் விடு, கலியபெருமாள். சாயந்தரம் கூட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள நமக்கு வேலை இருக்கு."

தெய்வசிகாமணி என்று முழுப் பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோர்ட்டில் துபாசியாக இருந்தவர். தமிழில் சொன்ன பொய்யைப் பிரெஞ்சில் பொய்யாகவே மாற்றிக் கொடுத்துப் பழகியதில், பொய்க்கு என்ன சத்தம் வரும் என்று தெரிந்துகொண்டவர். பிரெஞ்சுக்காரன் போனபின் துப்பறிய ஆரம்பித்தார். ஊருக்கு அவர் முசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். எனக்குச் சம்பளம் கொடுக்கிற முசே, கொடுக்கிற மாதங்களில்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை. முதலியார்பேட்டையில் மில்லைத் தாண்டி இருக்கிற புதுவாழ்வு நகரைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். எனக்கு வந்தது. நான் குடியிருக்கிற சந்தில் சாக்கடைதான் தெரு. இங்கே மூடி போட்ட வாய்க்கால், எரிகிற தெருவிளக்கு, காவல்காரர், பூச்செடி வைத்த பார்க், அதன் ஓரத்தில் உயரமாக ஒரு தண்ணீர் டாங்கு. முனிசிபாலிட்டிக் குழாயில் காற்று மட்டும் வந்த அந்தக் கோடையிலும் இங்கே காலையும் மாலையும் வீட்டுக்கு வீடு தண்ணீர். எல்லாம் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் வேலை. இங்கே ஒரு மனை கிடைக்குமா என்று போன மாதம்தான் நானும் விசாரித்திருந்தேன்.

மில்லில் சங்கு ஊதினால் ஊர் எழுந்திருக்கும். இங்கே சங்கம் சொன்னால் எழுந்திருக்கும், சங்கம் சொன்னால் படுக்கும். மதியம் சாப்பிட்டுத் தூங்குவது பாண்டிச்சேரியில் எல்லோரும் செய்வதுதான். அதை விதியாக்கி, அந்த நேரத்தில் கேட்டைப் பூட்டி, யாரும் வெளியே தலை காட்டக் கூடாது என்று வைத்திருந்த இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வீடுகள் எல்லாம் ஒரே நிறம். சந்தனமும் இல்லை, வெள்ளையும் இல்லை. விளக்குக் கம்பம், பார்க் பெஞ்சு, குப்பைத் தொட்டி எல்லாவற்றுக்கும் அதே நிறம். சங்கக் கலர் என்று பெயராம்.

எங்களை வரச்சொன்ன அங்கம்மாள் கடைசி வீட்டு வாசலில் நின்றிருந்தார். அந்த வீட்டு மாடியும் டாங்கும் ஒட்டினாற்போல இருந்தன. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் பிறந்தவர். கூடை சுமந்து மீன் விற்று, பிறகு லாரியில் கருவாடு அனுப்புகிற அளவுக்கு வந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கினார்.

"வாங்கய்யா. நேத்து மதியானம் பட்டாளத்துக்காரரு சொல்தா மயங்கி விழுந்ததுலேருந்து இந்தத் தெருவுல ஒருத்தரும் எம் மூஞ்சியப் பாக்கல. நானு கருவாட்டப் போட்டு டாங்குத் தண்ணியக் கெடுத்துட்டேனாம். இன்னிக்குக் கூட்டத்துல கை தூக்கி, எங்க வூட்டுப் பைப்பக் கட் பண்ணிட்டு, இந்த அடிபம்பையும் புடுங்கப் போறாங்க. தண்ணி இல்லாத வூட்ல எப்டி இருக்கறது? வித்துட்டுப் போடின்னு வாயால சொல்லல, அவ்ளோதான்."

முற்றத்தில் அடிபம்பு இருந்தது. நகருக்குள் தனி பம்பு வைக்கக்கூடாது என்று விதி. வீட்டோடு வந்த பம்பு, எடுக்க மாட்டேன் என்று இவர் இரண்டு வருஷமாக மல்லுக்கு நின்றிருக்கிறார்.

"பாண்டிச்சேரியில தண்ணி அடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்ட ஒரே சங்கம் இதுதான் முசே" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அங்கம்மாள் பம்பின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே பேசினார். "எதிர் வூட்டு ஜெயம் புள்ள பெத்து வந்தப்ப சங்கத்து மோட்டாரு ரிப்பேரு. துணி அலச, குளிக்க, எல்லாத்துக்கும் நான்தான் அடிச்சுக் குடுத்தேன். அவகூட இன்னிக்குக் கதவ சாத்திக்கினாய்யா. கூடைய எறக்கி வெக்க ஒரு எடம் வேணும்னுதானே இத வாங்குனேன்."

பம்பை இரண்டு தடவை அடித்து, வந்த தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

சங்கச் செயலாளர் கிருஷ்ணசாமி எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, கையில் குடை, கோபம் இல்லாத குரல். நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

"ஆதிமூலம் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். சிப்பாய்ங்கறதுக்குப் பிரெஞ்சுல சொல்தா, அப்படித்தான் எல்லாரும் கூப்பிடுவோம். பார்க் செடிக்கெல்லாம் அவர்தான் தண்ணி விடுவார். நேத்து மதியம், தூங்கற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால, அங்க இருக்கற குழாயில வாய் வெச்சுக் குடிச்சிருக்கார். நுரை தள்ளி விழுந்துட்டார். நான்தான் ஓடிப்போய்த் தாங்கினேன். 'தண்ணியில புவாசோன், புவாசோன்'னு சொன்னார். புவாசோன்னா மீன். உங்களுக்குத் தெரியாததா, முசே? ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, தூங்கற நேரம் முடிஞ்சு கேட்டத் திறந்ததும் எல்லார் முன்னாலயும் டாங்குல ஏறிப் பார்த்தோம். கருவாட்டு மூட்டை."

"வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

"காலைத் தண்ணி விட்டு முடிஞ்சிருந்தது. சாயந்தரம் தண்ணி விடாம டாங்கைக் காலி பண்ணி, கழுவி, ரொப்பிட்டோம். இன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் திறந்துவிடப் போறோம். சங்கம் இல்லாத தெருவா இருந்தா என்ன ஆகியிருக்கும், யோசிங்க. தனி ஆளால டாங்கு கட்ட முடியுமா? விளக்கு போட முடியுமா? நாலு பேர் ஒத்துப் போனாத்தான் நடக்கும். ஒத்து வராதவங்களை வெச்சுக்கிட்டு எப்படி நடத்தறது?"

என் சந்துச் சாக்கடையை நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

கருவாட்டு மூட்டை மோட்டார் ரூமில் இருந்தது. கூட்டத்தில் காட்டுவதற்காக வைத்திருந்தார்கள். காவல்காரர் கோவிந்தராசு கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மோட்டார் போடுவதும் டாங்கைப் பார்ப்பதும் அவர் வேலை. முசே மூட்டைக்கு நடுவிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்து ஒடித்தார். சடக்கென்று முறிந்தது. ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"நாக்குல வெச்சுப் பாரு."

"சோறு இல்லாமலா?"

"வெச்சுப் பாரு."

வைத்தேன். கடலில் பாதி அதில்தான் இருந்தது. துப்பிவிட்டு, "உப்பு தூக்கலா இருக்கு முசே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். ஏணி, வாளி, அலமாரியில் வரிசையாக டப்பாக்கள், எல்லாமே சங்கக் கலர்.

"டப்பாவுக்குக்கூடவா பெயிண்டு, கோவிந்தராசு?"

"ஆமாங்கய்யா. சாமான் ஆளுக்கொரு கலர்ல இருந்தா பாக்க அசிங்கமா இருக்குன்னு செக்ரட்டரி அடிக்கச் சொன்னாரு. சங்கம் சொன்னா செய்யணும்ல."

"எதுல என்ன இருக்குன்னு எப்டிக் கண்டுபுடிப்பே?"

கோவிந்தராசு அதற்குள் கதவோரம் போய் மோட்டார் சுவிட்சைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் முசே சொன்னார். "தண்ணியில ஊறின கருவாடு கந்தல் துணி மாதிரி ஆகியிருக்கணும். உப்பும் போயிருக்கணும். இது ஊறவே இல்ல. டாங்குல எட்டிப் பாக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால முக்கியிருக்காங்க. சொல்தா விழுந்தப்போ அந்த டாங்குல மீனே கிடையாது."

"அப்ப அவரு இல்லாத மீனையா சொன்னாரு?"

"அதத்தான் அவங்க வீட்ல கேக்கப் போறோம்."

ஆதிமூலத்தின் மனைவி செல்வாம்பாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிளாஸ்கை மூட வராமல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி மூடிக் கொடுத்தேன்.

"கெட்டுப்போன மீனுன்னு சொல்லி அதுக்குண்டான மருந்தெல்லாம் குடுக்கறாங்க. மூச்சு இன்னும் இழுத்துக்கினுதான் இருக்கு. கண்ணே தொறக்கல. டாக்டருக்கே ஒண்ணும் புரியலங்க."

முசே உட்காரவில்லை. "ஒரே ஒரு கேள்விம்மா. வீட்ல மீன் வாங்கிட்டு வந்தா அவர் அத என்னன்னு சொல்லுவாரு?"

செல்வாம்பாளுக்கு அந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று கோபம் வந்தது. "இன்னான்னு சொல்லுவாரு? மீனுன்னுதான் சொல்லுவாரு. மீன் கொழம்பு வெய்யின்னுவாரு."

"புவாசோன்னு சொன்னதே இல்லையா?"

"அது தூக்கத்துல கத்துற வார்த்தையாச்சே. சைகோன் பக்கம் பட்டாளத்துல இருந்தப்ப கெணத்துக்குக் காவல் நின்னாராம். யாரும் தண்ணியத் தொடாதீங்கடா, புவாசோன், புவாசோன்னு எழுந்து உக்காந்து அலறுவாரு. நான்தான் முதுகத் தட்டிப் படுக்க வெப்பேன்."

"நானும் வஞ்சிரத்தைக் கனவு கண்டிருக்கேன்" என்று ஆரம்பித்தேன். "ஆனா அலறினதில்..."

முசே அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மோட்டார் ரூமுக்குள் போய் என் வண்டிச் சாவியை வாங்கி, டப்பாக்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, ஒரு டப்பாவின் மேல் பரபரவென்று சுரண்டினார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் அதைப் பேப்பரில் சுற்றிவிட்டார். திரும்பி வந்து செல்வாம்பாளின் ரிக்‌ஷாவை நிறுத்தி மடியில் வைத்தார்.

"வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. டாக்டர் கையிலயே குடுத்து, இதான் தண்ணியில கலந்ததுன்னு சொல்லுங்க. மீனு இல்ல, மீனு இல்லன்னு சொல்லுங்க."

ரிக்‌ஷா போனதும் என் பக்கம் திரும்பினார். "அந்தக் கருவாட்ட முழுசாத் துப்பினியா?"

"துப்பிட்டேன். ஏன் முசே?"

"அங்கம்மா பம்புல போய் வாயக் கழுவு. நல்லாக் கழுவு. நானே யோசிக்காமக் குடுத்துட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்ததும் பம்புக்கு ஓடி, தாடை வலிக்கும்வரை கொப்பளித்தேன்.

வெயில் தாழ்ந்ததும் பார்க்கில் கூட்டம் கூடியது. சங்கக் கலர் பெஞ்சுகளில் ஆண்கள், புல்லில் பெண்கள். அங்கம்மாள் மட்டும் ஓரமாக நின்றார். உட்கார யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. கிருஷ்ணசாமி கருவாட்டு மூட்டையைக் காட்டினார். தீர்மானத்தை நிதானமாக, பாடம் நடத்துகிற மாதிரி, வாசித்தார்.

"பைப்பை நிறுத்தி, பம்பையும் எடுக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஜெயம் குழந்தையை இடது தோளில் சாய்த்திருந்தாள். புருஷனைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள், பிறகு வலது கையைத் தூக்கினாள். அங்கம்மாள் எல்லோரையும் விட்டு அந்த ஒரு கையையே பார்த்தார். எனக்கு அப்போது அந்த நகரில் மனை வாங்குகிற ஆசை அடியோடு போயிற்று.

முசே எழுந்தார். கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"ரொம்ப நேரமாப் பேசிட்டீங்க. டாங்குலேருந்து பிடிச்சிட்டு வந்தேன். கழுவி ரொப்பின தண்ணி. குடிங்க."

கிருஷ்ணசாமி டம்ளரைப் பார்த்தார். "எனக்குத் தாகமில்ல."

"மீன்தானே கெடந்துச்சு? அதையும் கழுவியாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தக் குழந்தைங்க எல்லாம் குடிக்கப் போற தண்ணி. ஒரு வாய்."

"தாகமில்லன்னு சொல்றேனே." வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சரி. கலியபெருமாள், நீ குடி."

நான் வாங்கினேன். என் வாழ்க்கையில் முசேயை நம்பிச் செய்த காரியங்கள் நிறைய. இது அதில் மோசமானது. டம்ளர் உதட்டில் பட்டதும், "ஐயோ வேணாங்க!" என்று கோவிந்தராசு பாய்ந்து தட்டிவிட்டார். டம்ளர் புல்லில் உருண்டது. அவர் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"நேத்துக் காலைத் தண்ணி விட்டு முடிஞ்சதும், டாங்குல புழு இருக்குது, பிளீச்சிங் பவுடர் போடுன்னாங்க. போட்டேன். எல்லா டப்பாவும் ஒரே கலரு. பூச்சி மருந்துன்னு எனக்குத் தெரியாதுங்க. சொல்தா விழுந்தப்பறம் டப்பாவ மோந்து பாத்துட்டு செக்ரட்டரிகிட்ட ஓடினேன். எல்லாரும் தூங்கற நேரத்துல அங்கம்மா வூட்டு மாடியில காயப்போட்டிருந்த கருவாட்ட அள்ளி, மூட்டை கட்டி, டாங்குல முக்கச் சொன்னாரு. செஞ்சேன். சங்கம் சொன்னா..."

முசே அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்த, அதே மருந்துள்ள இன்னொரு டப்பாவை எல்லோர் முன்பும் சாவியால் சுரண்டினார். சங்கக் கலர் உரிந்து, அடியில் சிவப்பு தெரிந்தது. பிறகு ஒரு மண்டையோடும் இரண்டு எலும்பும் தெரிந்தன.

"பிரெஞ்சுல மீனுக்கு ரெண்டு எஸ். விஷத்துக்கு ஒரு எஸ்" என்றார் முசே. "பிரெஞ்சுக்காரன் சொன்னா ஒண்ணு சீறும், ஒண்ணு வண்டு மாதிரி ரீங்கரிக்கும். நம்ம நாக்குக்கு அந்த ரீங்காரம் வராது. ரெண்டையும் நாம புவாசோன்னுதான் சொல்லுவோம். தண்ணியில விஷம்னு கத்தினாரு சொல்தா. மத்தவங்க உயிரைக் காப்பாத்தக் கத்தினாரு. கேட்டவர் பிரெஞ்சு வாத்தியார். இந்த ஒரு எழுத்துக்காக எத்தனை பிள்ளைங்க தலையில குட்டியிருப்பீங்க, முசே கிருஷ்ணசாமி? ரெண்டு அர்த்தம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு வேண்டிய அர்த்தத்த எடுத்துக்கிட்டீங்க. அதை உண்மையாக்க ஒரு மூட்டைக் கருவாடு வேண்டியிருந்துச்சு."

கிருஷ்ணசாமி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். "டாங்கைக் காலி பண்ண ஒரு காரணம் வேணுமே. குழந்தைங்க குடிச்சிடக் கூடாதுன்னுதான் செஞ்சேன். விஷம்னு வெளிய தெரிஞ்சா சங்கமே போயிடும். பத்து வருஷமா நான் கட்டினது."

"அதுக்கு இந்தம்மா வீடு போகலாம். சரி. சொல்தா? ராத்திரி பூரா அவருக்குக் கெட்டுப்போன மீனுக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க. டாக்டர் காதுல ஒரு வார்த்த போட்டிருக்கலாமே."

அவர் தீர்மானக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நல்லவர் ஒருவர் அதை அவ்வளவு நிதானமாகச் செய்வதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

போலீஸ்காரர்கள் வந்து அவரையும் கோவிந்தராசுவையும் அழைத்துக்கொண்டு போனார்கள். சுகாதார அதிகாரி வந்தார். அந்த மருந்து சிமெண்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கழுவினது போதாது, சோதனை முடியும்வரை ஒரு சொட்டு எடுக்கக்கூடாது என்று சொல்லி டாங்கின் வால்வைப் பூட்டி சீல் வைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ரிக்‌ஷாக்காரர் வந்து சேதி சொன்னார். டப்பாவைப் பார்த்ததும் டாக்டர் மருந்தை மாற்றிவிட்டாராம். மூச்சு கொஞ்சம் சீராகியிருக்கிறதாம், காலையில்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.

"முசே, ஒண்ணு கேக்கறேன்" என்றேன். "கோவிந்தராசு தட்டாம இருந்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்?"

"ஒண்ணும் ஆகியிருக்க மாட்டே. அது அங்கம்மா பம்புத் தண்ணி."

நகரில் நேற்றுக் காலைக்குப் பின் குழாய் திறக்கவில்லை. பானைகள் காய்ந்துவிட்டன. அக்கம்பக்கத்துத் தெருக் குழாய்களில் காற்றுதான். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில். சங்கம் பிடுங்கச் சொன்ன அந்த இடத்தில்.

முதலில் ஒரு குடம் வந்தது. பிறகு நாலைந்து. அரை மணிக்குள் அங்கம்மாள் வீட்டு வாசலிலிருந்து பார்க் வரைக்கும் குடங்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. அங்கம்மாள் முற்றத்தில் பம்புக்குப் பக்கத்தில் நின்று அவர்களைப் பார்த்தார். கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சாத்தியிருப்பேன்.

அவர் கேட்டை அகலமாகத் திறந்தார்.

"நானு அடிச்சுக் குடுக்க மாட்டேன். இத்தினி நாளு குடுத்தது போதும். தூக்குன கையாலயே அடிச்சுக்கினு போங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். குடங்கள் அப்படியே நின்றன. எங்கேயோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார்கள்.

கடைசியில் ஜெயம் முன்னால் வந்தாள். குடத்தைப் பம்பின் வாய்க்குக் கீழே வைத்தாள். குழந்தையை வலது தோளுக்கு மாற்றி, தூக்கிய கையால் அணைத்துக்கொண்டு, கைப்பிடியை இடது கையால் பிடித்தாள்.